நான்காவது கையேடு

அலெக்சாந்திரியா
2 அக்டோபர் 1977

அன்புத் தம்பி ஷவ்கிக்கு,

அக்கா தஹானி எழுதுவது. நானும் உன் மகளும் இங்கே சுகம். நீயும் ஸமீஹாவும் உன் முழங்கால் வலியும் அங்கே எப்படி?

நிஹால் வெள்ளிக்கிழமை மாலை வண்டியில் பத்திரமாக வந்து சேர்ந்தாள். ஸமீஹா கொடுத்தனுப்பிய நெய் கொட்டவில்லை. வாத்து கொட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். எனக்கு அறுக்கத் தெரியாது என்று தெரிந்தும் உயிரோடு அனுப்பியிருக்கிறாள். அது இப்போது பால்கனியில் குடியிருக்கிறது, என் தலையைக் கண்டாலே கத்துகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆறு வருஷமாக நான் எழுதித் திருத்தி எழுதிய இருபது கையேடுகளும் அச்சாகிவிட்டன. முதலாண்டு இயற்பியல் முழுவதும் அவற்றுக்குள் இருக்கிறது. விரிவுரை கிடையாது. மாணவன் கையேட்டைத் தானே படிப்பான், கணக்குப் போடுவான், தயார் என்று தோன்றும் அன்று எங்கள் அறைக்கு வந்து சின்னத் தேர்வு எழுதுவான். மூத்த மாணவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அங்கேயே திருத்துவார். பத்துக்கு ஒன்பது சரியாக இருந்தால் அடுத்த கையேடு. இல்லையென்றால் மறுபடி படித்துவிட்டு மறுபடி எழுதலாம். எத்தனை முறை தவறினாலும் மதிப்பெண் குறையாது. ஒருவன் டிசம்பரிலேயே முடிக்கலாம், ஒருவன் மே மாதம் முடிக்கலாம்.

கெய்ரோவிலுள்ள கல்விக் குழு ஒரு வருஷம் பார்க்கிறோம் என்று சொல்லியிருக்கிறது. ஜூலையில் முடிவு. பிடித்தால் நாலு கல்லூரிகளுக்குப் பரவும். பிடிக்காவிட்டால் என் அறையை வேதியியல் துறைக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் இப்போதே வந்து கதவை அளந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

எதனோடு ஒப்பிடுவது என்று கேட்டார்கள். எங்கள் கல்லூரி விரிவுரையாளர் கண்ணை மூடிக்கொண்டே பாடம் நடத்துபவர். அவரை ஜெயித்தால் யார் மதிப்பார்கள்? நைல் டெல்டா முழுவதிலும் சிறந்த விரிவுரை யாருடையதோ அதனோடு என்று சொன்னேன். அது யாருடையது என்று உனக்கே தெரியும், ஆகவே அடக்கமாக இருப்பதுபோல் நடிக்க வேண்டாம். ஜூனில் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே வினாத்தாள். அறிக்கையில் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கும். சம்மதமா?

எங்கள் முதலாண்டில் இருநூற்று முப்பத்தாறு பேரைக் குலுக்கிப் போட்டு எடுத்தோம். மற்றவர்களுக்கு வழக்கமான விரிவுரைதான். நிஹால் பெயரும் விழுந்தது. நான் கை வைக்கவில்லை.

உன் அக்கா,
தஹானி


மன்சூரா
11 அக்டோபர் 1977

அன்புள்ள அக்காவுக்கு,

ஷவ்கியின் வணக்கமும் முத்தமும். முழங்கால் மழைக்குக் காத்திருக்கிறது. மற்றபடி சுகம்.

சம்மதம். இருபது வருஷமாக நான் வாயால் செய்வதை நீ காகிதத்தால் செய்ய முடியுமா என்று பார்த்துவிடலாம். இங்கே இந்த வருஷம் அறுநூற்று நாற்பது பேர். மண்டபத்தில் நானூறு இருக்கை. மீதிப் பேர் படிக்கட்டில், ஜன்னலில், இரண்டு பேர் கதவின் மேல் என்றுகூடச் சொல்லலாம். ஒலிபெருக்கி திங்கட்கிழமையே செத்துவிட்டது. நான் தொண்டையால் சமாளிக்கிறேன். கூரையில் கயிறு கட்டி இரும்புக் குண்டைத் தொங்கவிட்டு, என் மூக்கு நுனியிலிருந்து அதை விடுகிறேனே, அது போய்த் திரும்பி என் மூக்குக்கு ஒரு விரல் தூரத்தில் நிற்கும்போது அந்த அறுநூற்று நாற்பது பேரும் மூச்சைப் பிடிக்கிற சத்தம் இருக்கிறதே, அதை எந்தக் கையேட்டில் அச்சடிப்பாய்?

ஒரே ஒரு நிபந்தனை. உன்னை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். நீ ஒருவனையும் சும்மா விடமாட்டாய். பின்தங்கினவனைத் தனியாகக் கூப்பிட்டு, காதைத் திருகி, அழவைத்து, டீ வாங்கிக்கொடுத்து முன்னால் தள்ளுவாய். அப்புறம் ஜெயித்தது கையேடா நீயா என்று யாருக்குத் தெரியும்? ஆகவே யாரையும் விரட்டக் கூடாது. கூப்பிட்டுக் கேட்கக் கூடாது. நிஹாலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். காலையில் ரொட்டியோடு சேர்த்து இயற்பியலையும் ஊட்டினாயானால் என் கையெழுத்து கிடைக்காது.

அவள் உன் வீட்டில் இருப்பது எங்களுக்குப் பெரிய நிம்மதி. என் மண்டபத்தில் உட்கார்ந்தால் பாடம் நடத்தும் டாக்டரின் மகள் என்று ஊர் பேசும். அங்கே அவள் அவளாக இருக்கலாம்.

வாத்தைக் கசாப்புக்காரனிடம் கொடுக்கச் சொல்கிறாள் ஸமீஹா. அதற்குப் பெயர் மட்டும் வைத்துவிடாதே என்கிறாள்.

தம்பி,
ஷவ்கி


அலெக்சாந்திரியா
29 நவம்பர் 1977

அன்புத் தம்பிக்கு,

பெயர் வைத்தாகிவிட்டது. இனி அதை அறுக்க முடியாது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நிஹால் உங்களிடம் வந்து திரும்பியதில் வீடு மறுபடி சத்தமாக இருக்கிறது. உன் நிபந்தனையை எழுதி அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மூத்த மாணவர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். "டாக்டர், உங்களுக்கு வாய்ப்பூட்டு போட ஒரு ஆளாவது இருக்காரே" என்று லம்யா சொன்னாள். அவள்தான் திருத்துபவர்களில் கெட்டிக்காரி.

முடிவுகள் எனக்கே வியப்பாக இருக்கின்றன. தமன்ஹூரிலிருந்து தினமும் ரயிலில் வரும் ஒரு பையன் பதினோராவது கையேட்டில் இருக்கிறான். உன் மண்டபத்தில் அவன் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருப்பான். ஒரு பெண் இரண்டாவது கையேட்டை ஆறு முறை எழுதினாள். ஏழாவது முறை தேறியபோது மேஜை மேல் ஏறி நின்றுவிட்டாள். சிலர் இன்னும் மூன்றில், நான்கில். அது எதிர்பார்த்ததுதான். இங்கே அவரவர் கால், அவரவர் நடை.

நிஹால் நன்றாகச் சாப்பிடுகிறாள். டிராமில் தனியாகப் போய்ப் பழகிவிட்டாள்.

அக்கா


மன்சூரா
20 டிசம்பர் 1977

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்குச் சிரிப்பு வரட்டும் என்று இதை எழுதுகிறேன். நேற்று நடைவழியில் என் மாணவன் ஒருவனைப் பிடித்தேன். நல்ல பையன், முன்வரிசைக்காரன், விடியற்காலையிலேயே வந்து இடம் பிடிப்பவன். "குண்டு அடியில் வரும்போது கயிறை அறுத்துட்டா அது எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். அப்புறம் முகம் மலர்ந்து, "டாக்டர், அந்த இடத்துல நீங்க மூக்கைத் தடவிட்டு 'இன்னிக்கும் தப்பிச்சுது'ன்னு சொல்வீங்க" என்றான். இருமல் உட்பட அந்த விரிவுரை முழுவதும் அவனுக்கு மனப்பாடம். குண்டு எங்கே போகும் என்று மட்டும் தெரியவில்லை.

ஒருவனை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது என்பதை நீ எனக்குச் சொல்ல வேண்டாம். ஆனாலும் ராத்திரி அந்த விரிவுரைக் குறிப்பை எடுத்து மறுபடி படித்தேன்.

நிஹால் கடிதங்களில் கடல்தான் இருக்கிறது. அலை எவ்வளவு உயரம், கரையில் யார் வழுக்கி விழுந்தார்கள். படிப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. அவள் எத்தனையாவது கையேட்டில் இருக்கிறாள்?

ஷவ்கி


அலெக்சாந்திரியா
15 ஜனவரி 1978

அன்புத் தம்பிக்கு,

ஒரு வாரமாகப் புயல். கடற்கரைச் சாலையை மூடிவிட்டார்கள். பால்கனியிலிருந்த ஆளைச் சமையலறைக்கு மாற்றினோம். அது அங்கேயும் அதிகாரம் செய்கிறது.

நீ கேட்ட எண்ணை என்னால் சொல்ல முடியாது. கையேட்டு எண் மாணவருக்கும் திருத்துபவருக்கும் இடையே உள்ளது. வீட்டாருக்குச் சொல்வதில்லை. இருநூற்று முப்பத்தைந்து வீட்டாருக்குச் சொல்லாததை ஒருவருக்கு மட்டும் சொன்னால் அதுவும் ஒரு தள்ளுதல்தான். நீ அவளுக்கு எழுதுவாய், அவள் பயந்து ஓடுவாள். உன் நிபந்தனையை நீயே உடைக்காதே.

அவளையே கேள். அவளுக்குப் பதினெட்டு வயதாகிறது.

அக்கா


மன்சூரா
2 மே 1978

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று வசந்தப் பண்டிகை. உப்பு மீனும் பச்சை வெங்காயமும் வைத்துக்கொண்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்தோம். நிஹால் வருவாள் என்று ஸமீஹா முட்டைகளுக்கெல்லாம் சாயம் பூசி வைத்திருந்தாள். தேர்வு நெருங்குகிறது, படிக்க வேண்டும் என்று எழுதிவிட்டாள். படிக்கிறாள் என்றால் சரிதான். அவளைக் கேட்டேன், "நல்லா போகுதுப்பா" என்று பதில் வந்தது. நானும் விட்டுவிட்டேன்.

வினாத்தாளின் என் பங்கை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஏழாவது கேள்வி கயிறு அறுந்த குண்டு.

ஷவ்கி


அலெக்சாந்திரியா
18 ஜூன் 1978

என் அருமைத் தம்பிக்கு,

உட்கார்ந்து படி.

உன் மண்டபம்: தேர்வு எழுதியவர்கள் அறுநூற்றுப் பதினொரு பேர், சராசரி ஐம்பத்தொன்று. என் அறை: சராசரி அறுபத்தெட்டு. ஏழாவது கேள்வியை உன் ஆட்களில் நூற்றுக்கு இருபது பேர் சரியாகச் செய்திருக்கிறார்கள். என் ஆட்களில் அறுபத்து மூன்று பேர்.

சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். ஆறு வருஷம், ஷவ்கி. அந்த அறையில் மார்ச் மாதத்தில் கூரை ஒழுகும், கையேடுகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். துறைத்தலைவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "வாத்தியாரே இல்லாத பள்ளிக்கூடம் எப்படிப் போகுது?" என்பார். நேற்று அவரே வந்து கை குலுக்கினார்.

அறிக்கையின் வரைவு இத்துடன் இருக்கிறது. உன்னைத் தாழ்த்தி ஒரு சொல்கூட எழுதவில்லை, படித்துப் பார். பதினொன்றாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. மாத முடிவுக்குள் கெய்ரோவுக்குப் போக வேண்டும்.

நிஹால் வியாழக்கிழமை வண்டியில் வருகிறாள். அவள் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பொறுமையாகக் கேள்.

அக்கா


மன்சூரா
25 ஜூன் 1978

டாக்டர் தஹானிக்கு,

அறிக்கையை மூன்று முறை படித்தேன். இரண்டாம் பக்கத்தில் தொடக்கத்தில் இருநூற்று முப்பத்தாறு மாணவர்கள் என்று இருக்கிறது. ஒன்பதாம் பக்கத்தில் தேர்வு எழுதியவர்கள் நூற்று ஐம்பத்தொரு பேர் என்று இருக்கிறது. நடுவில் எண்பத்தைந்து பேரைக் காணோம். தேடிப் பார்த்தேன். ஆறாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: "சிலர் தம் விருப்பப்படி வழக்கமான விரிவுரைப் பிரிவுக்கு மாறினர்."

அவர்களில் ஒருத்தி வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே பெட்டியை வைத்துவிட்டு நின்றாள். "உள்ள வாம்மா" என்று ஸமீஹா சொன்னாள். "அப்பா சொல்லட்டும்" என்றாள். அப்புறம் எல்லாம் வந்தது. நான்காவது கையேட்டில் இரண்டு தடவை தவறியிருக்கிறாள். அதற்குப் பிறகு தேர்வு எழுதவே கேட்கவில்லை. மார்ச்சில் விரிவுரைப் பிரிவுக்கு மாறினாள். அங்கே பாதிப் பாடம் முடிந்துபோயிருந்தது. தேர்வில் பத்தொன்பது. வருஷம் போய்விட்டது.

"அத்தைகிட்ட சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"அத்தைக்குத் தெரியும்ப்பா. நான் தினமும் அந்த ரூம்லதான் உக்காந்திருந்தேன்."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. வீட்டுக்கு வந்தா, சாப்பிடும்மான்னு சொல்வாங்க."

எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைத்து எழுதத் தெரியவில்லை. என் பெண் உன் கண்ணெதிரே மாதக்கணக்கில் மூழ்கிக்கொண்டிருந்திருக்கிறாள். நீ கரையில் நின்று நேரம் குறித்துக்கொண்டிருந்திருக்கிறாய். பிறகு அவளை ஒரு பொடி எழுத்து வரிக்குள் போட்டு, அவளைக் கழித்து வந்த சராசரிக்கு என் கையெழுத்தைக் கேட்கிறாய். தம் விருப்பப்படி! நடக்க முடியாதவர்களையெல்லாம் வழியில் விட்டுவிட்டு, வந்து சேர்ந்தவர்களின் வேகத்தை அளந்தால் எந்தப் பாதையும் நல்ல பாதைதான்.

கையெழுத்துப் போட மாட்டேன். எண்பத்தைந்து பேரையும் சேர்த்து எண்ணினால் யோசிக்கிறேன்.

ஷவ்கி


அலெக்சாந்திரியா
3 ஜூலை 1978

ஷவ்கிக்கு,

உன் கடிதம் வந்த அன்று பதில் எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். நாலு நாள் கழித்து எழுதுகிறேன்.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி நிஹால் நான்காவது கையேட்டில் இரண்டாவது முறை தவறினாள். அன்றிலிருந்து மார்ச் நான்கு வரை அறை திறந்திருந்த நாட்கள் எழுபத்தொன்று. அவள் வந்தது அறுபத்தாறு. ஜன்னல் பக்கம் மூன்றாவது நாற்காலி. கையேட்டைத் திறந்து வைத்துக்கொள்வாள். பக்கம் புரளாது. எனக்கு எல்லாம் தெரியும். எல்லாம் பதிவேட்டில் இருக்கிறது.

ஜனவரியில் லம்யா என் அறைக்கு வந்தாள். "டாக்டர், அந்தப் பொண்ணு ஒரே பக்கத்தையே பாத்துக்கிட்டிருக்கா. நான் கூப்பிட்டா, இதோ வரேன்னு சிரிக்கிறா, வர்றதில்ல. நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உங்க வீட்டுப் பொண்ணுதானே?" என்றாள். நான் சுவரைக் காட்டினேன். சுவரில் உன் நிபந்தனை ஒட்டியிருந்தது. ஒரு வார்த்தைகூட மாற்றாமல் ஒட்டியிருந்தேன்: நிஹாலையும் சேர்த்துத்தான்.

இதை உன் மேல் பழி போட எழுதவில்லை. நீ விளையாட்டாக எழுதினாய். அதை வேதம்போலப் பிடித்துக்கொண்டது நான். காலையில் அவித்த ஃபூல் பருப்பும் ரொட்டியும் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பேன். என்னம்மா புரியல என்று கேட்க வாயெடுப்பேன். கேட்டால் இருநூற்று முப்பத்தாறில் ஒன்று கெட்டுவிடும் என்று நினைத்து, சாப்பிடும்மா என்பேன். அறிவியல்காரி என்ற பெருமை எனக்கு. இன்றைக்கு அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மார்ச்சில் பிரிவை மாற்றிக்கொண்ட அன்று, "அப்பாகிட்ட சொல்லாதீங்க அத்தே" என்று அழுதாள். அதையும் ஒப்புக்கொண்டேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எண்பத்தைந்து பேர் போனபோது எனக்கு வருத்தம் வரவில்லை. சராசரி ஏறும் என்று முதலில் தோன்றியது. அவர்கள் பெயரை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனேன். நிஹால் பெயர் வந்தபோது மட்டும் பேனாவை ஒரு நிமிஷம் கீழே வைத்தேன். மற்ற எண்பத்து நாலு பேரும் யாரோ ஒருவருடைய பிள்ளைகள் என்பது உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது.

எங்கள் முதலாண்டு முழுவதும் அதே வினாத்தாளைத்தான் எழுதியது. ஆகவே அவர்கள் மதிப்பெண்ணும் அலுவலகத்தில் இருந்தது. போய் எடுத்தேன். எண்பத்தைந்து பேரின் சராசரி இருபத்து மூன்று. சேர்த்துப் போட்டால் என் அறைக்கு ஐம்பத்திரண்டு. உனக்கு ஐம்பத்தொன்று. இதுதான் ஆறு வருஷம்.

உன் பக்கத்திலும் தேர்வுக்கே வராத இருபத்தொன்பது பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி உன்னிடம் ஒரு தாள்கூட இருக்காது. நான் கேட்கவில்லை.

திருத்திய அறிக்கையை என் கையெழுத்தோடு மட்டும் கெய்ரோவுக்கு அனுப்பிவிட்டேன். உன் பெயரை எடுத்துவிட்டேன். நீ யோசிக்க வேண்டிய அவசியம் இல்லை.

நிஹாலின் குளிர்கால மேலங்கி இங்கே தங்கிவிட்டது. பார்சலில் வரும்.

தஹானி


மன்சூரா
20 செப்டம்பர் 1978

அக்காவுக்கு,

பெருநாள் வாழ்த்து அனுப்பினேன், பதில் இல்லை. மேலங்கி வந்தது.

குழுவின் முடிவை இங்கே துறைக் கூட்டத்தில் வாசித்தார்கள். இரண்டு முறைக்கும் வித்தியாசம் தெரியவில்லை, வித்தியாசம் இல்லாதபோது பழையதே இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறார்கள். என்னோடு இருப்பவர்கள் என் தோளில் தட்டினார்கள். மண்டபம் ஜெயித்துவிட்டதாம். உன் அறையில் இப்போது அமிலக் குப்பிகள் அடுக்கியிருப்பதாகவும் கேள்விப்பட்டேன். எனக்கு அதில் சந்தோஷம் இல்லை என்று சொன்னால் நம்புவாயோ தெரியாது.

நிஹாலுக்கு மாற்றல் வாங்கிவிட்டேன். இந்த வருஷம் என் மண்டபத்தில் இருப்பாள். ஊர் பேசினால் பேசட்டும். என் கண் முன்னால் இருப்பாள்.

ஷவ்கி


மன்சூரா
3 டிசம்பர் 1978

என் அக்காவுக்கு,

செப்டம்பர்க் கடிதத்துக்கும் பதில் வரவில்லை. வராதது சரிதான். இதற்கு எழுதுவாயா என்று தெரியவில்லை, ஆனாலும் உன்னைத் தவிர வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. ஸமீஹாவிடம்கூட இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

எங்கள் மண்டபத்தில் இடம் பிடிக்கும் வழக்கம் உனக்குத் தெரியும். முதலில் வருபவர்கள் தோழிகளுக்காக நோட்டுப் புத்தகத்தை இருக்கையில் போட்டு வைப்பார்கள். புத்தகம் இருந்தால் அங்கே யாரும் உட்கார மாட்டார்கள், அது சத்தியம் மாதிரி. நேற்று விரிவுரை முடிந்து நான் குண்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் மேடைக்கு வந்தாள். குட்டைப் பெண், பெயர் தெரியாது.

"டாக்டர், ஒண்ணு கேக்கலாமா? நிஹாலுக்கு இனிமேயும் இடம் பிடிக்கணுமா?"

"ஏன்?"

"இல்ல, எல்லாரும் சண்டைக்கு வர்றாங்க. வராத ஆளுக்கு எதுக்கு இடம்னு கேக்கறாங்க. ஏழு வாரமாச்சு. அவளுக்கு உடம்பு தேறிடுச்சா டாக்டர்?"

மூன்றாவது வரிசையில் ஒரு பச்சை நோட்டுப் புத்தகம் கிடந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு, தேறிவிடும் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

ஏழு வாரம், அக்கா. வாரத்துக்கு மூன்று விரிவுரை. ஒவ்வொரு நாளும் அந்தப் பச்சை நோட்டைப் பார்த்துப் பாடம் நடத்தியிருக்கிறேன். மேடையிலிருந்து பார்த்தால் மண்டபம் நிரம்பியிருந்தது. நான் குண்டை விட்டேன், மூச்சைப் பிடித்தார்கள், கை தட்டினார்கள். என் மகள் அங்கே இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை. காலையில் என்னோடுதான் கிளம்புவாள், மண்டப வாசல் வரை வருவாள். முடிந்ததும் வாசலில் நிற்பாள். வீட்டுக்கு நடக்கும்போது, "இன்னிக்கு எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்பேன். "ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா" என்பாள். நான் அதை நம்பினேன். ஒருநாள்கூட, எது நல்லாயிருந்தது என்று கேட்கவில்லை. நடுவில் அந்த ஒன்றரை மணி நேரம் ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து நோட்டை மேஜையில் வைத்ததும் நிஹாலுக்குப் புரிந்துவிட்டது. நான் கத்தவில்லை. கத்தத் தெம்பில்லை.

"எதுக்கும்மா?" என்றேன்.

"ரெண்டாவது வாரமே புரியலப்பா. அறுநூறு பேர் நடுவுல கையைத் தூக்கி, எங்கப்பா சொல்றது எனக்குப் புரியலன்னு எப்படிச் சொல்றது?"

"என்கிட்ட வீட்டுல சொல்லியிருக்கலாமே."

அவள் பச்சை நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அங்க நான் சும்மா உக்காந்திருந்தது அத்தைக்குத் தெரியும்ப்பா. இங்க நான் இல்லாததே உங்களுக்குத் தெரியல."

ஜூனில் உனக்கு எழுதிய கடிதத்துக்காக மன்னிப்புக் கேட்கிறேன். உன் எண்பத்தைந்து பேரை எண்ணச் சொன்னேன். எண்ணினாய், அதற்கு உன் அறையைக் கொடுத்தாய். என் இருபத்தொன்பது பேர் யார் என்று அலுவலகத்தில் இன்று காலை கேட்டேன். பட்டியல் கொடுத்தார்கள். ஒரு பெயருக்கும் எனக்கு முகம் தெரியவில்லை.

மதியம் சமையலறை மேஜையில் நானும் அவளும் உட்கார்ந்தோம். எதிலிருந்து புரியவில்லை என்று கேட்டேன். விசை என்றால் என்ன என்பதிலிருந்து என்றாள். நான் விளக்கினேன். விளக்கிக்கொண்டே எழுந்து நின்றுவிட்டேன், கையை வீசினேன், குரல் உயர்ந்துவிட்டது. எதிரே ஒரே ஒரு பெண். அவள் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டல் எதற்கு என்று இருபது வருஷத்தில் முதல் முறையாகச் சந்தேகம் வந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன். ஒரு ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியவில்லை, அக்கா.

உன்னைக் கூப்பிடட்டுமா என்று அவளிடமே கேட்டேன். இந்த வீட்டில் யாரும் அவளைக் கேட்டு எதையும் செய்ததில்லை என்பதால் கேட்டேன். அவள் நோட்டின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்:

"அத்தை வரட்டும்ப்பா. ஆனா இந்தத் தடவை பேசச் சொல்லுங்க."

வியாழக்கிழமை மாலை வண்டிக்கு நிலையத்தில் நிற்கிறேன்.

தம்பி,
ஷவ்கி